மாற்றுச் சிறுநீரகம் வரும்வரை உடலைக் காப்பது யார் பொறுப்பு?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிவு செய்துகொண்டவரிடம், "இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால், "காத்திருக்க வேண்டும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் 4 மணி நேரம். அளந்து குடிக்கும் தண்ணீர், உப்புக் குறைத்த சாப்பாடு, வேளாவேளைக்கு மாத்திரைகள். இதற்கு நடுவே, மருத்துவமனையிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்ற எதிர்பார்ப்பிலேயே மாதங்கள் ஓடுகின்றன. பலருக்கு ஆண்டுகளே ஓடிவிடுகின்றன. அந்தக் காலம் முழுவதும் உடல் இளைத்துக்கொண்டே போகிறது. தொடைச் சதை வற்றுகிறது. முதல் மாடி ஏறுவதே மலைப்பாகிறது. கடைசியில் அழைப்பு வரும் நாளில், சிறுநீரகம் தயார், மருத்துவர்கள் தயார், அதை ஏற்க வேண்டிய உடல் மட்டும் தளர்ந்து கிடக்கிறது.

இந்த நிலையைப் பெருமளவு மாற்ற முடியும். முறையான உடற்பயிற்சி, போதிய உணவு, தொடர்ந்த கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கும் காலத்தை உடலைத் தயார்ப்படுத்தும் காலமாக்கலாம். ஆனால், ஏற்கெனவே நோயோடு போராடிக்கொண்டிருப்பவரிடம் "தினமும் நடங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அது நடந்துவிடாது. மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், அரசு, குடும்பம், வேலை கொடுப்பவர், ஊர் என எல்லோரும் ஆளுக்கொரு பங்கை ஏற்றாக வேண்டும். அப்படியொரு பொது உடன்பாட்டுக்கு நாம் வர வேண்டிய நேரம் இது.

உடல் ஏன் தளர்கிறது?

சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. உடலுக்குள் ஓயாத அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது. ரத்தச்சோகை வருகிறது. பசி குறைகிறது. டயாலிசிஸின்போது கழிவுகளோடு உடலுக்கு வேண்டிய அமினோ அமிலங்களும் கொஞ்சம் வெளியேறிவிடுகின்றன. இவை எல்லாம் சேர்ந்து தசையை அரிக்கின்றன. டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் நாளில் அசதி ஆளை அடித்துப்போட்டுவிடும். அன்று படுத்தால் மறுநாள்தான் எழ முடிகிறது. படுக்கப் படுக்கத் தசை குறைகிறது. தசை குறையக் குறைய இன்னும் படுக்கத் தோன்றுகிறது.

உணவில் ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு, பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பின்பு உடலுக்குக் கூடுதல் புரதம் தேவை. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது பொதுவான பரிந்துரை. ஆனால், பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு கஞ்சியும் இட்லியுமாகக் காலம் தள்ளுவோர் பலர். உணவு ஆலோசகர் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய குழப்பம் இது. புரதம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் தசை வளராது.

இந்தத் தளர்ச்சியை அளக்க மருத்துவத்தில் தெளிவான அளவுகோல்கள் உண்டு: தானாக எடை குறைவது, எப்போதும் சோர்வு, நடமாட்டக் குறைவு, மெதுவான நடை, பிடிமானம் தளர்ந்த கை. இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே உடல் நலிந்துவிட்டதாகக் கொள்வார்கள். நலிந்த உடலோடு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் அதிக நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்கிறது; சிக்கல்களும் கூடுதலாக வருகின்றன. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் தசையைக் குறைக்கக்கூடியவை. எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. ஆகவே, அறுவை அரங்குக்குள் போகும்போது கையிருப்பில் கொஞ்சம் வலு இருந்தாக வேண்டும்.

ஆய்வுகள் காட்டும் வழி

'சிறுநீரக நோயாளிக்கு உடற்பயிற்சி ஆபத்து இல்லையா?' என்ற அச்சம் குடும்பங்களில் இருக்கிறது. மருத்துவர்கள் சிலரிடமும் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. இத்தாலியில் நடந்த 'எக்ஸைட்' ஆய்வில், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டிலேயே, டயாலிசிஸ் இல்லாத நாட்களில், நாளுக்கு இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து, 6 நிமிடத்தில் அவர்கள் நடக்கும் தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. நடக்காத குழுவினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

ஜெர்மனியில் 21 டயாலிசிஸ் மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அங்கே டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, படுக்கையில் இருந்தபடி வாரம் மூன்று முறை பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதுதான் சோதனை. ஓராண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 16 முறையிலிருந்து 19 முறைக்கு உயர்ந்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் 16இலிருந்து 15க்குக் கீழே இறங்கினார்கள். சும்மா இருந்தாலும் உடல் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதற்கு அந்த இரண்டாவது எண்ணே சாட்சி.

அறுவை சிகிச்சைக்கு முன்பான பயிற்சியை நேரடியாகச் சோதித்த முன்னோட்ட ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களால் 2019இல் வெளியிடப்பட்டது. வாரம் ஒருமுறை பிசியோதெரபி, மற்ற நாட்களில் வீட்டுப் பயிற்சி. உடலில் அணியும் அசைவுமானியைக் கொண்டு அளந்தபோது, இரண்டே மாதத்தில் பங்கேற்றவர்களின் நடமாட்டம் 64 சதவீதம் கூடியிருந்தது. அதற்குள் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்த ஐந்து பேர், அவர்களை ஒத்த மற்ற நோயாளிகளைவிடச் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். ஐந்து பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்பது உண்மை. பெரிய ஆய்வுகள் தேவை. ஆனால், அதே ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. தகுதி இருந்தவர்களில் 17 சதவீதத்தினர்தான் பயிற்சியில் பங்கெடுத்தார்கள். வசதிகள் நிறைந்த நாட்டிலேயே இதுதான் நிலை. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்கு அலைபவரை நான்காவது நாளும் வரச் சொன்னால் எத்தனை பேரால் வர முடியும்? பயிற்சிதான் நோயாளியைத் தேடிப் போக வேண்டும்.

சர்வதேச சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கேடிகோ 2020இல் வெளியிட்ட நெறிமுறையும், மாற்று சிகிச்சைக்குப் பதிவு செய்யும்போதும் காத்திருக்கும் காலத்திலும் உடல் நலிவை மதிப்பிட்டு, முன்கூட்டிய பயிற்சி போன்ற வழிகளால் அதைச் சீராக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. நெறிமுறை வந்துவிட்டது, நடைமுறை இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

மணிக்கட்டுக் கருவி செய்யக்கூடியதும் கூடாததும்

நோயாளி வீட்டில் எவ்வளவு நடக்கிறார், எந்த நாளில் சோர்கிறார் என்பது மருத்துவருக்குத் தெரிவதில்லை. "நடக்கிறீர்களா?" என்று கேட்டால் "நடக்கிறேன் டாக்டர்" என்று சொல்லிவிடுவார். அந்த இடைவெளியை ஸ்மார்ட் வாட்ச்சும் ஃபிட்னஸ் பேண்டும் நிரப்புகின்றன. நாளொன்றுக்கு எத்தனை அடி நடந்தார், இதயத்துடிப்பு எப்படி இருந்தது, தூக்கம் எவ்வளவு என்று அவை குறித்து வைக்கின்றன. திங்கட்கிழமை டயாலிசிஸுக்குப் பிறகு 800 அடிகளும் செவ்வாயன்று 2,500 அடிகளும் நடப்பவருக்கு எந்த நாளில் எவ்வளவு பயிற்சி தரலாம் என்று பிசியோதெரபிஸ்ட் கணக்கிட முடியும். ஒரு வாரமாக நடை திடீரென்று குறைந்தால், காய்ச்சலோ நீர் தேக்கமோ ரத்தச்சோகையோ இருக்கலாம் என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாக நடந்திருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்ப்பது, சோர்ந்துபோன மனதுக்குப் பெரிய தெம்பு.

அதேசமயம், சிறுநீரக நோயாளிகள் இக்கருவியைப் பயன்படுத்துவதில் தனிக் கவனம் தேவை. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் வாட்ச் கட்டக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும்கூட அந்தக் கையைத் தொடாமல் காக்கிறார்கள். இறுக்கமான பட்டை அங்கே ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடும். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இதயத்துடிப்பு வழக்கம்போல் உயராது. ஆகவே, வாட்ச் காட்டும் 'இலக்குத் துடிப்பை' எட்ட வேண்டுமென்று அவர் முயலக் கூடாது. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவே அவருக்கு நல்ல அளவுகோல். தள்ளாடி மெதுவாக நடப்பவரின் அடிகளைச் சில கருவிகள் குறைத்தே எண்ணுகின்றன. ரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டும் கருவியில்தான் பார்க்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ டயாலிசிஸ் ஒரு முறை தவறியிருந்தாலோ அன்று பயிற்சியே வேண்டாம். கருவி தகவல் தரும். முடிவெடுக்க மருத்துவர் வேண்டும்.

யாருக்கு என்ன பங்கு?

முதல் பங்கு மருத்துவமனைகளுடையது. மாற்று சிகிச்சைக்குப் பதிவு செய்யும்போது இசிஜி, எக்கோ உட்பட இதயப் பரிசோதனைகள் எப்படியும் நடக்கின்றன. அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றே நடைச் சோதனையும் செய்துவிடலாம். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். 30 மீட்டர் தாழ்வாரம், கைப்பிடி இல்லாத நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். மருந்துச் சீட்டில் மாத்திரை எழுதுவதுபோல் எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதித் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டயாலிசிஸ் மையங்கள். ஃபிஸ்டுலா போட்ட புதிதில், அது நன்றாகப் புடைத்து வருவதற்காக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள். நோயாளிகள் பலர் தங்கள் நோய்க்காலம் முழுவதும் கற்றுக்கொள்ளும் ஒரே உடற்பயிற்சி அதுதான். பந்தை அழுத்தக் கற்றுத்தரும் அதே செவிலியரும் டெக்னீஷியனும், டயாலிசிஸின் முதல் இரண்டு மணி நேரத்தில் காலை நீட்டி மடக்கவும், ரப்பர் பட்டையை இழுக்கவும், கணுக்காலைச் சுழற்றவும் கற்றுத்தரலாம். பிற்பகுதியில் ரத்த அழுத்தம் இறங்க வாய்ப்பிருப்பதால் முதல் பாதியே ஏற்றது. மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் நான்கு மணி நேரத்தில் அரைமணி நேரம் உடலுக்குக் கிடைத்துவிடும்.

அரசின் பங்கு இன்னும் பெரியது; அதை நிறைவேற்றும் கட்டமைப்பும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். 2008இல் ஒரு பெற்றோர், மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தபோது, உறுப்பு தானம் என்பது இம்மாநிலத்தின் வீடுதோறும் பேசப்படும் செய்தியானது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியலை ஒழுங்காக நடத்துகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்கும் மாற்று சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளும் வீட்டுக்கே வருகின்றன. ஏற்கெனவே வீட்டுக்கு வரும் அந்தக் கைகளில், மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போரின் பெயர்ப்பட்டியலையும் கொடுத்தால் போதும். அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும் காப்பீடு, அதற்கு முன்பான பிசியோதெரபிக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும். மருத்துவமனையில் தங்கும் நாட்கள் சில குறைந்தாலும் அந்தச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

கருவி வாங்க வசதியில்லாதவர்களை மறந்துவிட முடியாது. மருத்துவமனைகளில் கருவி வங்கி தொடங்கலாம். காத்திருக்கும் காலத்தில் இரவல் தந்து, சிகிச்சை முடிந்து உடல் தேறியதும் அடுத்தவருக்கு மாற்றலாம். ரோட்டரி, அரிமா சங்கங்களும் தொழில் நிறுவனங்களும் எளிதில் ஏற்கக்கூடிய பணி இது. சாதாரண ஸ்மார்ட்போனே சட்டைப்பையில் இருந்தபடி அடிகளை எண்ணும். அதுவும் இல்லாதவருக்குச் சுவரில் மாட்டிய நாட்காட்டியும் பேனாவும் உண்டு. செயலிகள் தமிழில் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். சேகரிக்கும் தகவல் நோயாளிக்கும் அவரது மருத்துவக் குழுவுக்கும் மட்டுமே உரியது. அவரது ஒப்புதல் இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கோ முதலாளிக்கோ அது போகக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான்; மருத்துவமனைகள் அதை எழுத்திலும் செயலிலும் காக்க வேண்டும்.

குடும்பத்தின் பங்கு நுட்பமானது. "நீ ஒண்ணும் செய்யாதேப்பா, நாங்க பாத்துக்குறோம்" என்ற சொல்லில் அன்பு நிறைந்திருக்கிறது. ஆனால், தண்ணீர்க் குவளையைக்கூடக் கைக்குக் கொண்டுவந்து தரும் அந்த அன்பு, உடலை இன்னும் தளர்த்திவிடுகிறது. அவர் கூடவே எழுந்து, தெருமுனை வரை நடந்து வருவதுதான் இப்போது தேவைப்படும் அன்பு. சிறுநீரகம் தரப்போகும் உறவினரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் உயிரோடிருக்கும் உறவினர் தரும் தானமே அதிகம். தருபவர்களில் பெரும்பாலோர் மனைவியரும் அம்மாக்களும். தானத்துக்கான பரிசோதனைகளைத் தாண்டி, அவர்களது உடல் வலுவைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இருவரும் சேர்ந்து நடந்தால் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கும் அது முன்னேற்பாடு.

நடப்பதற்கு இடம் வேண்டும். மேடுபள்ளமான நடைபாதையில், சிறுநீரக நோயால் எலும்பு வலுவிழந்த ஒருவர் விழுந்தால் என்ன ஆகும்? வெயில் ஏறுவதற்கு முன்பே பூங்காக்களைத் திறப்பதும், நூறு அடிக்கு ஓர் இருக்கை போடுவதும் உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. டயாலிசிஸுக்கு அடுத்த நாள் காலை ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதிப்பது வேலை கொடுப்பவரின் கையில் இருக்கிறது.

அளவுகோல் தடையாகிவிடக் கூடாது

நியாயமான ஓர் அச்சம் எழலாம். நடைச் சோதனையும் அடிகளின் கணக்கும் வந்துவிட்டால், நாளைக்கு 'நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை' என்று பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கிவிடுவார்களா? ஒருபோதும் அப்படி நடக்கக் கூடாது. நலிந்தவர்களும் மாற்று சிகிச்சையால் பயன்பெறுகிறார்கள். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் நலிவு கூடினாலும், மூன்றாவது மாதத்தில் முன்பிருந்ததைவிடக் குறைகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறியவே இந்த அளவுகள். தினக்கூலிக்குப் போகிறவருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும், வீட்டு வேலை முழுவதையும் சுமக்கும் பெண்ணுக்கும் ஒரே இலக்கு வைக்க முடியாது. நேற்றைய தன்னைவிட இன்று கொஞ்சம் முன்னேறுவதே ஒவ்வொருவருக்கும் இலக்கு. நோயாளியின் பங்கு அந்தக் கொஞ்சத்தைத் தவறாமல் செய்வதும், முடியாத நாளில் தயங்காமல் சொல்வதும்.

மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டிகள் 1978 முதல் நடந்து வருகின்றன. பிறர் தந்த சிறுநீரகத்தோடு ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். எல்லோரும் அந்தக் களத்துக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், வேலைக்குத் திரும்பவும், தன் துணியைத் தானே துவைக்கவும் முடிந்தால் அதுவே பெரிய வெற்றி.

2024இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் உறுப்புகளை அவர்களது குடும்பங்கள் தானமாகத் தந்திருக்கின்றன. வாழ்க்கையின் மிகக் கொடிய நாளில், முன்பின் அறியாத ஒருவருக்காக அந்தக் குடும்பங்கள் எடுத்த முடிவு அது. உறுப்பு தந்தவர்களை அரசு மரியாதையோடு வழியனுப்பும் மாநிலம் நம்முடையது. அந்தக் கொடை போய்ச் சேரும் உடலை வலுவாக்கி வைப்பதும் அதே மரியாதையின் பகுதிதான். சிறுநீரகத்துக்காக ஒருவர் பதிவு செய்யும் நாளிலேயே நடைச் சோதனை, பயிற்சிச் சீட்டு, உணவு ஆலோசனை, தேவைப்படுவோருக்கு இரவல் கருவி ஆகிய நான்கும் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். இதற்கான ஆணையை அரசு பிறப்பிக்கட்டும்; அது வரும்வரை காத்திராமல், தங்களால் முடிந்ததை ஒவ்வொரு டயாலிசிஸ் மையமும் ஒவ்வொரு வீடும் இந்த வாரமே தொடங்கட்டும்.